கோட்டையா, பூட்டா?

ருஷ்ய மொழியில் ஐந்தே எழுத்துகளால் ஆன ஒரு சொல் உண்டு. முதல் அசையை அழுத்தி 'ஸாமக்' என்று உச்சரித்தால் அதற்குக் கோட்டை என்று பொருள். இரண்டாம் அசையை அழுத்தி 'ஸமோக்' என்று உச்சரித்தால் பூட்டு என்று பொருள். எழுத்தில் இரண்டுக்கும் இடையே ஒரு புள்ளி அளவு வேறுபாடும் இல்லை. புத்தகம் படிக்கும் ருஷ்யர், கதையில் வருவது மன்னனின் கோட்டையா, கதவின் பூட்டா என்பதை முன்பின் உள்ள சொற்களைக் கொண்டு கணநேரத்தில் உணர்ந்துகொள்கிறார். அதே புத்தகத்தைப் பார்வையற்ற ஒருவருக்கு இயந்திரம் படித்துக் காட்ட வேண்டும் என்றால் என்ன செய்வது? அதுவும் செல்வந்தர் மட்டுமே வாங்கக்கூடிய இயந்திரம் அன்று. ஆங்கிலம் பேசுவதற்கென்றே செய்யப்பட்ட மலிவான சில்லு ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால்?

விந்தையான இந்த முயற்சியைப் பற்றித்தான் இம்மாதம் பேசப் போகிறோம். நமக்கு எதற்கு ருஷ்ய மொழி என்று கேட்கும் வாசகர்கள் சற்றுப் பொறுத்திருந்து படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இயந்திரத்தைப் பேச வைக்கும் ஆசை புதிதன்று. அந்த ஆசையில் ருஷ்ய நாட்டுக்குப் பழைய பங்கு ஒன்றும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்த அறிவியல் கழகம், ஐந்து உயிரொலிகளின் இயல்பை விளக்கி, அவற்றை எழுப்பும் கருவியையும் செய்து காட்டுபவருக்குப் பரிசு தருவதாக அறிவித்தது. கிறிஸ்தியான் கிராட்சென்ஸ்டைன் என்ற அறிஞர் மனித வாயின் உட்புறத்தை ஒத்த வெவ்வேறு வடிவக் குழாய்களைச் செய்து, அவற்றை ஒலிக்கச் செய்து 1780இல் அப்பரிசைப் பெற்றார். ஆஸ்திரிய அரசுப் பணியிலிருந்த கெம்பெலன் என்பவர் துருத்தி கொண்டு இயங்கும் பேசும் இயந்திரம் ஒன்றை அமைத்து, 1791இல் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அவருடைய இயந்திரத்தைப் பேச வைப்பதற்கு ஒரு மனிதர் பக்கத்தில் அமர்ந்து இரு கைகளாலும் இயக்க வேண்டியிருந்தது.

கைகளின் வேலையைச் சில்லு ஏற்றுக்கொண்டது 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில்தான். 1978இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம், சிறுவர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கற்பிக்கும் பேசும் விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. 1984இல் டெக்டாக் என்ற உயர்தரப் பேச்சுக் கருவி வந்தது. அதன் விலை ஏறத்தாழ 4,000 டாலர். பார்வையற்றவர்களுள் எத்தனை பேரால் அதை வாங்க முடிந்திருக்கும்? இந்த இரண்டுக்கும் நடுவே, 1980களின் தொடக்கத்தில், ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் என்னும் அமெரிக்க நிறுவனம் எஸ்.பி.0256 ஏ.எல்.2 என்ற சில்லைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ரேடியோ ஷாக் கடைகளில் மின்னணுப் பொழுதுபோக்காளர் எவரும் வாங்கக்கூடிய பொருளாக அது விற்பனையாயிற்று. நம் கட்டுரையின் நாயகன் இந்தச் சில்லுதான்.

அதன் அமைப்பு எளிமையானது. 28 கால்கள் கொண்ட அந்தச் சில்லினுள் 2 கிலோபைட் நினைவகம் உள்ளது. இன்றைய கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடம். அந்தச் சிறிய இடத்தில் ஆங்கிலப் பேச்சின் 59 ஒலித்துண்டுகள் எண்களாக அடக்கப்பட்டுள்ளன. அவற்றோடு 10 மில்லி விநாடி முதல் 200 மில்லி விநாடி வரையிலான ஐந்து மௌனங்களும் உண்டு. ஆக மொத்தம் 64. ஆறு கம்பிகள் வழியே ஓர் எண்ணை அனுப்பினால், அவ்வெண்ணுக்குரிய துண்டை அது ஒலிக்கும். முடித்ததும் அடுத்ததைக் கொடு என்று மற்றொரு கம்பி வழியே கேட்கும். மௌனத்துக்கும் எண் கொடுத்திருப்பது வேடிக்கையன்று. 'ப்', 'த்', 'க்' போன்ற ஒலிகளை எழுப்பும்போது நம் வாய் ஒரு கணம் முழுவதும் மூடித் திறக்கிறது. அந்த ஒரு கண அமைதி இல்லாவிட்டால் அவ்வொலி ஒலியாகவே கேட்பதில்லை.

இந்தச் சில்லுக்கு வாய் உண்டு; கண் இல்லை. ஆங்கில எழுத்துகளைப் பார்த்து, இந்தச் சொல்லுக்கு இன்னின்ன ஒலித்துண்டுகள் என்று முடிவு செய்யும் வேலையை அதே நிறுவனத்தின் மற்றொரு துணைச் சில்லு செய்தது. ஆங்கில எழுத்துக்கூட்டல் விதிகள் அனைத்தும் அந்தத் துணைச் சில்லில்தான் இருந்தன. ஒன்று வாசிப்பவன்; மற்றொன்று ஒலிப்பவன். ஒலிப்பவனை அப்படியே வைத்துக்கொண்டு வாசிப்பவனை மட்டும் மாற்றிவிட்டால், அதே வாயால் வேறு மொழியைப் பேச வைக்கலாம் அல்லவா? ருஷ்ய மொழியைப் பேச வைக்கும் முயற்சியின் அடிப்படை இவ்வளவே. துணைச் சில்லைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் நாமே நிரல் எழுதிய ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லையோ கணிப்பொறியையோ பொருத்த வேண்டும்.

சோம்பேறிகளுக்கென்று ஒரு குறுக்கு வழியும் உண்டு. ருஷ்யச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி, ஆங்கிலப் பேச்சுப் பெட்டிக்கே அனுப்பிவிடுவது. கணிப்பொறியில் ருஷ்ய எழுத்துகளைக் குறிக்க 'கோய்-8' என்றொரு குறியீட்டு முறை சோவியத் காலத்தில் வகுக்கப்பட்டது. அதில் ருஷ்ய எழுத்துகள் தம் அகரவரிசைப்படி நிற்பதில்லை. ஒலியால் ஒத்த ஆங்கில எழுத்துகளுக்கு நேராக நிற்கின்றன. எட்டாவது பிட் தொலைந்துபோனாலும், எஞ்சியது ஆங்கில எழுத்தில் ஓரளவு படிக்கக்கூடியதாக இருக்கட்டும் என்ற முன்யோசனை அது. ஏழு பிட்டுகளை மட்டுமே ஏற்கும் ஆங்கிலப் பெட்டிக்கு அத்தகைய உரையை அனுப்பினால் ருஷ்யம் போன்ற ஏதோ ஒன்று வெளிவரும். ஆனால் 33 ருஷ்ய எழுத்துகளுக்கு ஆங்கிலத்தில் 26 எழுத்துகள்தாமே உள்ளன? மீதமுள்ளவை அடைப்புக்குறி முதலிய குறிகளாக மாறிவிடுகின்றன. 'நன்று' என்ற பொருளுடைய 'ஹரஷோ' என்ற சொல்லின் நடுவிலுள்ள 'ஷ' சதுர அடைப்புக்குறியாகி நிற்கும். பெட்டி அதை விழுங்கிவிடும். அல்லது அடைப்புக்குறி என்று அதன் ஆங்கிலப் பெயரையே சொல்லும்! எனவே குறுக்கு வழி கேளிக்கைக்கு உதவுமே அன்றி வாசிப்புக்கு உதவாது.

நேர்வழியில் முதல் இடர் ஒலிகளைப் பற்றியது. ருஷ்ய மெய்யொலிகளுள் பெரும்பாலானவை இரட்டைப் பிறவிகள். ஒன்று வன்மையானது, மற்றொன்று நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தை நோக்கி உயர, 'ய்' சாயல் கலந்து மென்மையாக வருவது. 'ப்ராத்' என்று வன்மையாக முடித்தால் சகோதரன். இறுதித் தகர ஒலியை மென்மையாக்கினால் 'எடுத்தல்' என்ற வினைச்சொல். தமிழருக்கு இது முற்றிலும் புதிதன்று. 'இல்லை' என்பதற்குரிய ருஷ்யச் சொல்லை 'நியெத்' என்று எழுதுவதைவிட 'ஞெத்' என்று எழுதினால் நம் வாய்க்கு எளிதில் வந்துவிடும். நம் ஞகரம் ஏறத்தாழ அவர்களுடைய மென்மையான நகரம். ஆங்கிலச் சில்லுக்கோ இந்த இரட்டைகள் தெரியா. வன்மையான ஒலியை அடுத்து மிகக் குறுகிய யகரத் துண்டொன்றைச் செருகி ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது. சொல்லின் நடுவில் இது நன்றாகவே கேட்கும். சொல்லின் இறுதியில் தேவையற்ற ஓர் உயிரொலி முளைத்தது போலத் தோன்றும்.

இனி ரகரம். சில்லிலுள்ள இரண்டு ரகரத் துண்டுகளும் அமெரிக்கருடையவை. நாக்கை மடக்கிக் குழைந்து வருபவை. ருஷ்ய ரகரமோ நாக்கின் நுனி அதிர்ந்து உருள்வது. அதற்கு ஒரு தந்திரம் சொல்லலாம். 'ட' போன்ற ஒலியின் மிகக் குறுகிய துண்டை இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வைத்தால் காது அதை ஒருமுறை தட்டும் ரகரமாக ஏற்றுக்கொள்கிறது. அமெரிக்கர் தண்ணீரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை விரைந்து சொல்லும்போது நடுவில் நம் 'ர' போலக் கேட்கிறதல்லவா? அதே சூட்சுமம். 'ஓ' என்பதிலும் கவனம் வேண்டும். சில்லிலுள்ள ஆங்கில ஓகாரம் 'ஓவ்' என்று உகரச் சாயலில் முடிவது. ருஷ்ய ஒகரம் நேரானது; ஆகவே வேறொரு துண்டைத் தேடி எடுக்க வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் பெட்டி பேசுவது வெளிநாட்டார் பேசும் ருஷ்யமாகத்தான் இருக்கும். அது பெருங்குறையன்று. பிற நாட்டாரின் உச்சரிப்புக்குக் காது ஒரு வாரத்தில் பழகிவிடும்.

காது பழகாத குறை வேறொன்று. அதுதான் தொடக்கத்தில் சொன்ன கோட்டை–பூட்டுச் சிக்கல். ருஷ்யத்தில் ஒவ்வொரு சொல்லிலும் ஓரசை அழுத்தம் பெறும். எந்த அசை என்பதற்கு எளிய விதி இல்லை. எழுத்தில் அடையாளமும் இடுவதில்லை. 'மூக்கா' என்று முதலில் அழுத்தினால் வேதனை. 'முக்கா' என்று இறுதியில் அழுத்தினால் மாவு. ஒரே சொல்லுக்குள்ளும் அழுத்தம் இடம் பெயரும். கை என்பது 'ருக்கா' என இறுதியில் அழுந்தும். 'கையை' என்று இரண்டாம் வேற்றுமையில் வரும்போது 'ரூக்கு' என்று முதலுக்கு ஓடிவிடும். அழுத்தம் இழந்த ஒகரம் தன் உருவத்தையும் இழந்து அகரமாகிறது. பாலுக்குரிய சொல்லை எழுத்துப்படி படித்தால் 'மொலொக்கொ', பேசும்போது 'மலக்கோ'. ஆகவே அழுத்தம் எங்கே என்று தெரியாத இயந்திரத்துக்கு எந்த உயிரொலியை எழுப்புவது என்பதே தெரியாது. ஒரு சொல்லில் ஓரிடம் தவறினால் மூன்று ஒலிகள் பிறழும்.

அரபு மதரஸாவில் ஜபர், ஜேர், பேஷ் இடப்படாத கிதாபை முதன்முதலில் கையில் எடுக்கும் மாணவரின் நிலையை இதனோடு ஒப்பிடலாம். காஃப், தா, பா என்ற மூன்று எழுத்துகளைக் கண்டதும் அது 'கதப' என்று எழுதினான் ஆகுமா, 'குதிப' என்று எழுதப்பட்டது ஆகுமா, 'குதுப்' என்று நூல்கள் ஆகுமா என்று அவர் திகைப்பார். நஹ்வும் ஸர்ஃபும் கைவந்த பிறகே கண் தானாக ஓடும். எழுத்தில் இல்லாததை அறிவிலிருந்து நிரப்புவதே வாசிப்பு. ருஷ்யம் வாசிக்கும் சில்லுக்கும் அத்தகைய ஒரு நஹ்வு வேண்டும்.

அந்த அறிவு எங்கிருந்து வரும்? மொழியறிஞர்களின் உழைப்பிலிருந்து. ஆந்திரேய் ஸலிஸ்னியாக் என்ற ருஷ்ய மொழியறிஞர் 1977இல் ஓர் இலக்கண அகராதியை வெளியிட்டார். ஏறத்தாழ 1,00,000 சொற்கள். ஒவ்வொன்றும் வேற்றுமைதோறும் எவ்வாறு திரியும், அழுத்தம் எங்கே நிற்கும், எங்கே நகரும் என்பதைக் குறியீடுகளால் சொல்லும் நூல் அது. அவர் அகராதி தொகுக்க அமர்ந்தபோது பேசும் பெட்டிகளை எண்ணியா அமர்ந்தார்? ஆயினும் பிற்காலத்தில் ருஷ்ய மொழியைக் கணிப்பொறிக்குக் கற்பிக்க முனைந்தோர்க்கெல்லாம் அவருடைய உழைப்பு அடித்தளமாயிற்று. இங்கே ஒரு முரணைக் கவனியுங்கள். 59 ஒலிகளுக்கு 2 கிலோபைட் போதும். அவற்றைச் சரியாக அடுக்கிச் சொல்வதற்கான அழுத்தப் பட்டியலுக்கோ அதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு இடம் வேண்டும். வாய் மலிவு, வாசிப்புத்தான் விலை மிக்கது.

அகராதி இருந்தாலும் தீராத தொல்லைகள் சில உண்டு. 'அவனுடைய' என்ற பொருளுடைய சொல்லை எழுத்துப்படி 'யெகோ' எனப் படிக்கலாகாது. 'யெவோ' என்றே படிக்க வேண்டும். எண்கள் வந்தால் இன்னும் வேடிக்கை. ஒரு 'ரூபிள்'; இரண்டு, மூன்று, நான்குக்கு 'ருப்ல்யா'; ஐந்து முதல் இருபது வரை 'ருப்லேய்'; இருபத்தொன்று வந்ததும் மீண்டும் 'ரூபிள்'. கடைச் சீட்டில் 21 என்ற எண்ணைப் பார்க்கும் சில்லுக்கு இந்த இலக்கணமெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்விக் குறியோ இந்தச் சில்லின் கைக்கு எட்டாத ஒன்று. 'ஓன் தோமா' என்றால் அவர் வீட்டில் இருக்கிறார். அதையே குரலை உயர்த்திச் சொன்னால், அவர் வீட்டில் இருக்கிறாரா என்ற கேள்வி. சொல் மாறுவதில்லை, வரிசை மாறுவதில்லை. குரலின் ஏற்றம் ஒன்றே வேறுபாடு. இந்தச் சில்லிலுள்ள ஒலித்துண்டுகளுக்கோ ஒரே சுருதி. ஏற்றம் இறக்கம் இல்லை. ஆகவே கேள்வியும் விடையும் அதன் வாயில் ஒன்றாகவே ஒலிக்கும். தமிழில் இறுதியில் ஓர் ஆகாரத்தைச் சேர்த்துவிட்டால் ஊமைச் சுருதியிலும் கேள்வி கேள்வியாகவே நிற்கும். நம் மொழி இவ்விடத்தில் சில்லுக்கு இரங்குகிறது. ஆனால் ககரம் 'பக்கம்' என்பதில் ஒரு விதமாகவும், 'பங்கு' என்பதில் வேறு விதமாகவும், 'பகல்' என்பதில் மூன்றாம் விதமாகவும் ஒலிப்பதை யாரேனும் அதற்குச் சொல்லித் தர வேண்டும். நல்ல வேளையாக அதற்கு விதி உண்டு.

ருஷ்ய மொழிக்கு என்றே பேச்சுக் கருவி செய்தவர்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. பெலாரஸ் நாட்டின் தலைநகரான மின்ஸ்கில் போரிஸ் லொபனோவ் என்ற அறிஞரின் குழு, சோவியத் காலத்திலேயே 'ஃபொனெமோஃபோன்' என்ற பெயரில் வரிசையாகப் பேச்சுக் கருவிகளை உருவாக்கியது. மென்மை–வன்மை இரட்டைகள் அவற்றுக்குப் பிறவியிலேயே தெரியும். அந்த மரபில் கிளைத்த சிறிய பேச்சு நிரல் ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. இன்று எஸ்.பி.0256 சில்லின் உற்பத்தி நின்று நெடுங்காலமாகிவிட்டது. பழைய இருப்பிலிருந்து வாங்குவோர் போலிகளுக்கும் அஞ்ச வேண்டியிருக்கிறது. 2012இல் வந்த ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணிப்பொறியே இப்போது மலிவான பேச்சுப் பெட்டி. அதில் ஈஸ்பீக் என்ற இலவச நிரலையோ, முதலில் ருஷ்ய மொழிக்கென்று எழுதப்பட்ட ஆர்.எச்.வாய்ஸ் என்ற இலவச நிரலையோ ஓட்டலாம். ஈஸ்பீக் நிரலில் ஒவ்வொரு மொழிக்கும் இரண்டு கோப்புகள்: ஒன்றில் விதிகள், மற்றொன்றில் விதிக்கு அடங்காத சொற்கள். ருஷ்ய மொழிக்கு அழுத்தப் பட்டியல் அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டதால், அதைத் தனிக் கோப்பாக வைத்து, வேண்டுவோர் தனியே சேர்த்துக்கொள்ளும்படி விட்டார்கள். சில்லு மறைந்தது, கோட்டையும் பூட்டும் அப்படியே இருக்கின்றன.

இந்தக் கரகரத்த குரல்களைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் பெரும்பாலும் கண்ணுள்ளவர்கள். பார்வையற்றோர் பலர் இவற்றைச் சாதாரணப் பேச்சைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறார்கள். அந்த வேகத்தில் இனிய குரலைவிட, ஒவ்வொரு மெய்யொலியையும் வெட்டித் தரும் இயந்திரக் குரலே தெளிவாக இருக்கிறது என்பார்கள். தமக்கு வந்த கடிதத்தைப் பிறர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லாமல் தாமே கேட்பது எத்தகையது என்பதை, கடிதத்தைப் பிறர் படிக்கக் கேட்டே வாழ்ந்தவர்கள் அறிவார்கள். அவர்களுக்குக் குரலின் அழகு இரண்டாம் பட்சம். ஆனால் கதையின் நடுவே இளவரசி பூட்டினுள் வசிப்பதாகக் கேட்டால் அவர்களும் நின்றுவிடத்தான் வேண்டியிருக்கிறது.

அகராதியில் இரண்டு அழுத்தங்களும் உள்ள இத்தகைய சொற்களுக்கு ருஷ்ய நிரல்கள் ஓர் எளிய வழி வைத்திருக்கின்றன. உரையைத் தயாரிப்பவர் அழுத்தம் பெறும் உயிரெழுத்தின் அருகே ஒரு கூட்டல் குறியை இட்டுவிடலாம். சில நிரல்கள் அதை எழுத்துக்கு முன்னே எதிர்பார்க்கின்றன, சில பின்னே. குறியைக் கண்டதும் நிரல் அகராதியைத் தேடுவதை நிறுத்திவிட்டுக் காட்டிய இடத்தில் அழுத்துகிறது. பார்வையற்ற பிள்ளைக்காக ருஷ்யக் கதைப் புத்தகமொன்றைக் கணிப்பொறியில் ஏற்றுபவர், பக்கத்துக்குப் பக்கம் இத்தகைய சொற்களைத் தேடி, கோட்டைக்கு முதல் அசையிலும் பூட்டுக்கு இரண்டாம் அசையிலும் குறி இட்டுக்கொண்டே போக வேண்டும்.